புது வண்டி எப்பவாவது இழுக்காம நிக்குது. சர்வீஸ்ல காட்டினா நல்லா ஓடுது

முன்னாள்பாதசாரி:
வண்டி எடுத்து நாலு மாசம், 3,200 கி.மீ. ஏழு கியர் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் (ரெண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடிச்சு கியரைத் தானா மாத்தற பெட்டி), ட்ரை கிளட்ச் வகை. பார்க்கிங்ல இருந்து ரிவர்ஸ் எடுத்து, நின்னு, 'டி'ல போட்டு மிதிச்சா சில நேரம் இன்ஜின் மட்டும் ரேஸ் ஆகுது, வண்டி நகரல. ரெண்டு செகண்ட் இருக்கும். அப்புறம் 'டொக்'னு ஒரு சத்தத்தோட பிடிச்சுக்கிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி போகுது. ரெண்டு தடவை ஓடிக்கிட்டிருக்கும்போதே, வேகத்தடை ஏறி இறங்கினதும் இதே கதை. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியல.

மூணு தடவை சர்வீஸ்ல விட்டாச்சு. மூணு தடவையும் ஒரே பதில்: "ஸ்கேன் பண்ணிட்டோம், எரர் இல்ல, ரீசெட் போட்டிருக்கோம், ஓட்டிப் பாருங்க. டூயல் கிளட்ச்னா கொஞ்சம் அப்படித்தான் சார்." அவங்க ஆளைப் பக்கத்துல உட்கார வச்சு 40 நிமிஷம் சுத்தினேன். வெண்ணெய் மாதிரி ஓடுது. டாக்டர் வாசல்ல கால் வச்சதும் பல்வலி போற மாதிரி.

கியர்பாக்ஸையே மாத்தச் சொல்லி பிடிவாதமா நிக்கலாமா, இல்ல நானே தேடிப் பார்க்கணுமா?

விட்டுக்கொடாதான்:
தேடறது உங்க வேலை இல்ல. புது வண்டிக்குக் காசு கொடுத்தவர் நீங்க, மெக்கானிக் இல்ல. அடுத்த தடவை போகும்போது ஜாப் கார்டுல உங்க வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்க: "ரிவர்ஸுக்கு அப்புறம் டி போட்டா ரெண்டு செகண்ட் இழுவை இல்லை". அவங்க "ஜெனரல் செக்கப்"னு எழுதினா கையெழுத்துப் போடாதீங்க. "கோளாறு காணப்படவில்லை"ன்னு தந்தாலும் நகல் வாங்கி வைங்க. அதே புகார், மூணு தேதி, மூணு காகிதம். பின்னாடி பேசப்போறது அந்தக் காகிதம்தான். அப்புறம் எழுத்துல கேளுங்க: கியர்பாக்ஸ், இல்லன்னா வண்டி.

பட்டறைவாசி:
19 வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், அதனால அடி வாங்கவும் தயாராத்தான் வர்றேன். காகிதம் விஷயத்துல விட்டுக்கொடாதான் சொல்றது நூத்துக்கு நூறு சரி. கியர்பாக்ஸ் மாத்தச் சொல்றதுதான் தப்பு. எரர் கோடு (வண்டி தானே பதிஞ்சு வைக்கிற கோளாறு எண்) இல்லாம, டேட்டா இல்லாம பெட்டியைக் கழட்டினா வாரண்டி க்ளெய்ம் திரும்பி வந்துடும். சரி, மாத்தியே கொடுத்தாங்கன்னு வைங்க. கோளாறு பெட்டிக்கு வெளியே இருந்தா? புதுப் பெட்டி, பழைய வியாதி. நான் கண்ணால பார்த்திருக்கேன்.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் அந்த "ரீசெட்". ஒரு கோளாறு ஒரு தடவை வந்தா முதல்ல 'பெண்டிங்' கோடாத்தான், அதாவது இன்னும் உறுதியாகாத கோடாத்தான் உட்காரும். அடுத்த ஓட்டத்துல திரும்ப வரலன்னா பெரும்பாலும் தானா அழிஞ்சுடும், விளக்கும் எரியாது. நீங்க ரெண்டு நாள் கழிச்சு சர்வீஸ் போனா அங்க என்ன மிச்சம் இருக்கும்? இருந்த கொஞ்சநஞ்சத்தையும், கோடு விழுந்த நிமிஷத்துல வேகம் என்ன, ஆர்பிஎம் என்ன, சூடு என்னன்னு சேமிச்ச ஃப்ரீஸ் ஃப்ரேமையும் சேர்த்து ரீசெட் துடைச்சுடும். திருட்டு நடந்த வீட்டைப் பெருக்கிக் கழுவிட்டு கைரேகை தேடற வேலை. அடுத்த தடவை "எதையும் அழிக்காதீங்க, முதல்ல எல்லா மாட்யூலையும் படிச்சு பிரிண்ட் கொடுங்க"ன்னு சொல்லுங்க. மாட்யூல்னா வண்டியில ஒவ்வொரு பகுதியையும் கட்டுப்படுத்தற குட்டிக் கம்ப்யூட்டர். கியர்பாக்ஸ் மாட்யூல் மட்டும் போதாது. எல்லா மாட்யூலும்.

நிதானம்:
எல்லாரும் கோளாறுன்னே முடிவு கட்டிட்டீங்க. ட்ரை கிளட்ச் ஓட்டத் தெரியாம ஓட்டறவங்கதான் பாதிப் பேர். நெரிசல்ல பிரேக்கை அரைகுறையா விட்டு ஊர்ந்துகிட்டே போனா கிளட்ச் பாதி பிடிச்ச நிலையிலேயே தேயும், சூடாகும். ட்ரை கிளட்சுக்கு எண்ணெய்க் குளியல் கிடையாது, காத்துதான் ஆத்தணும். சூடு ஏறினா கட்டுப்பாட்டு யூனிட் தன்னைக் காப்பாத்திக்க பிடியைத் தளர்த்தும். இன்னொண்ணு, வண்டி பின்னால உருண்டுகிட்டிருக்கும்போதே டி போடற பழக்கம் உண்டா? முன்னாடி வண்டிக்கு ஒரு வண்டி நீளம் இடைவெளி விட்டு, நின்னு, பிறகு ஒரேயடியா நகர்ந்து பாருங்க. முதல் 5,000 கி.மீ. வரை பெட்டி பழகிக்கவும் நேரம் கொடுங்க.

விட்டுக்கொடாதான்:
பழகிக்க பெட்டி என்ன புது மருமகளா? ரெண்டு செகண்ட் இழுவை இல்லாம ஒரு சந்திப்புக்கு நடுவுல நிக்கிறதை நினைச்சுப் பாருங்க நிதானம். குறுக்கே லாரி வந்தா, "பழகிக்கிட்டிருக்கு"ன்னு சொல்வீங்களா?

பட்டறைவாசி அண்ணே, உங்ககிட்டயும் ஒரு கேள்வி. "டேட்டா கொண்டு வா"ன்னு சொல்றீங்க. அதுக்கு அவர் அந்த வண்டியைத் தொடர்ந்து ஓட்டணும். அதாவது ஆபத்தா இருக்குன்னு நீங்களே ஒத்துக்கிற வண்டியை, உங்க க்ளெய்ம் படிவம் நிறையறதுக்காக அவர் ஓட்டணும். இது என்ன நியாயம்?

முன்னாள்பாதசாரி:
நிதானம் சார், நான் வண்டி முழுசா நின்னு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டுத்தான் டி போடறேன். சூடும் காரணமா தெரியல. பெரும்பாலும் காலையில முதல் ரெண்டு நிமிஷத்துலயே வருது. நேத்து ராத்திரி உட்கார்ந்து நினைவுல இருக்கறதை எழுதிப் பார்த்தேன். 63 நாள்ல 9 தடவை. ஏழு தடவை ரிவர்ஸ் எடுத்த உடனே, ரெண்டு தடவை வேகத்தடை.

லாரி விஷயத்துல விட்டுக்கொடாதானுக்குத்தான் என் ஓட்டு. ஒரு தடவை கிட்டத்தட்ட அப்படியே ஆச்சு, மனைவி இன்னமும் முன் சீட்டுல உட்கார மாட்டேங்கறா.

ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கி மாட்டிட்டேன். எதுவும் காட்டல.

பட்டறைவாசி:
விட்டுக்கொடாதான் கேட்டதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல, ஒத்துக்கறேன். மாற்று வண்டி கொடுத்துட்டு இந்த வண்டியை அவங்களே வச்சு ஓட்டணும், அதுதான் முறை. ஆனா அவங்க ஆள் மத்தியானம் சூடான வண்டியை நேர் ரோட்டுல ரெண்டு சுத்து சுத்திட்டு "ஓகே"ன்னு எழுதுவான். எங்க, எப்படி ஓட்டணும்னு உரிமையாளர் சொல்லாம அவனுக்கு எப்படித் தெரியும்?

அந்த ஸ்கேனர்: படிக்கறதுல தப்பில்ல, 'க்ளியர்' பட்டனை மட்டும் தொடாதீங்க. மலிவு ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் பக்கக் கோடை மட்டும்தான் படிக்கும். பி0700னு வந்தாக்கூட "கியர்பாக்ஸ் யூனிட்ல ஏதோ எழுதியிருக்கு, போய்ப் படி"ன்னுதான் அர்த்தம். என்ன எழுதியிருக்குன்னு சொல்லாது. ராத்திரி கழட்டி வைங்க, சில ஸ்கேனர் பேட்டரியை உறிஞ்சும். பேட்டரி இறங்கினா கியர்பாக்ஸ் யூனிட் வேற புதுசா கோமாளித்தனம் பண்ணும், அப்புறம் எது எந்தக் கோளாறுன்னு நமக்கே குழம்பிடும்.

கணக்குப்புலி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அந்த ஒன்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ரிவர்ஸ் எடுக்கும்போது இன்ஜின் தன்னைத் தாங்கும் மவுண்டுகளில் ஒரு பக்கம் சாய்கிறது, 'டி' போட்டதும் மறுபக்கம் சாய்கிறது. வேகத்தடையில் முழுவதும் குலுங்குகிறது. இரண்டிலும் பொதுவாக இருப்பது சூடு அல்ல, கிளட்ச் தேய்மானமும் அல்ல, அசைவு. அசையும்போது தொடர்பு விட்டுப்போகும் ஒரு வயரோ கனெக்டரோ இருக்கிறது என்று சந்தேகிக்கிறேன்.

ஒரு வேலை செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவரைப் போனில் மீட்டரைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். ஆர்பிஎம், வேகம், கியர் எழுத்து மூன்றும் ஒரே சட்டத்தில் தெரிய வேண்டும். பொதுச் சாலையில் வேண்டாம், காலியான இடத்தில் ரிவர்ஸ், டி, ரிவர்ஸ், டி.

முன்னாள்பாதசாரி:
கிடைச்சுது!! தம்பி பக்கத்துல உட்கார்ந்து ரெண்டு நாள் காலையில எடுத்தான். ரெண்டாம் நாள், பதினோராவது தடவை ரிவர்ஸ் எடுத்தப்போ. ஆர்பிஎம் 1,100ல இருந்து 3,400க்குப் போகுது, வேகம் பூஜ்யம். மெதுவா ஓடவிட்டுப் பார்த்தா இன்னொண்ணும் தெரியுது. மீட்டர்ல 'டி' எழுத்து மறைஞ்சு, அந்த இடத்துல ஒரு சின்னப் படுக்கைக் கோடு ('-') மட்டும் நிக்குது, பிறகு 'டி' திரும்ப வருது. ஓட்டும்போது கண்ணுல படவே இல்ல.

பட்டறைவாசி:
எழுத்து போச்சுன்னா யூனிட் வழுக்கல, செத்துப் பிழைக்குது. மின்சாரம் ஒரு கணம் விட்டுப்போய் கட்டுப்பாட்டு யூனிட் ரீஸ்டார்ட் ஆகுது. பல டூயல் கிளட்ச் பெட்டியில மின்சாரம் போனா ரெண்டு கிளட்சும் விட்டுடும். உயிர் வந்து, எந்த கியர்ல இருக்கோம்னு பார்த்து, திரும்பப் பிடிக்க ரெண்டு செகண்ட். அந்த 'டொக்' அதான். செத்துப்போனவன் வாக்குமூலம் எழுத மாட்டான், அதனால அதோட நினைவகத்துல கோடு இருக்காது. ஆனா பக்கத்து மாட்யூல்கள் "கியர்பாக்ஸ் யூனிட் பேச்சை நிறுத்திடுச்சு"ன்னு எழுதியிருக்கலாம், யு0101. வீடியோவை எடுத்துக்கிட்டு இன்னைக்கே போங்க. பவர், எர்த் வயர் (கரெண்ட் வண்டியோட இரும்பு உடம்பு வழியா பேட்டரிக்குத் திரும்பற இணைப்பு), கனெக்டர் லாக், இந்த வரிசையில பார்க்கச் சொல்லுங்க. எர்த்தை மல்டிமீட்டர் வச்சு சும்மா தொட்டுப் பார்த்தா பத்தாது, லோடு ஓடும்போது வோல்டேஜ் டிராப், அதாவது அந்த இணைப்புல எவ்வளவு வோல்ட் தொலையுதுன்னு பார்க்கணும். 0.2 வோல்ட்டுக்கு மேல போனா அங்க ஏதோ இருக்கு.

நிதானம்:
வீடியோ பார்த்தேன். என் கருத்தை வாபஸ் வாங்கிக்கறேன். ஊர்ந்து ஓட்டறது பத்திச் சொன்னதை மட்டும் வாங்க மாட்டேன்.

முன்னாள்பாதசாரி:
நாலாவது விசிட். அட்வைசர் வழக்கம்போல ஆரம்பிச்சார், வீடியோவைக் காட்டினதும் உள்ளே போய் சீனியர் டெக்னீஷியனைக் கூட்டிட்டு வந்தார். ஏபிஎஸ் மாட்யூல்ல யு0101 இருந்துச்சு, 'ஹிஸ்டரி'ன்னு, பழைய பதிவா. பேட்டரி ட்ரேயைக் கழட்டினா, அதுக்குக் கீழே எர்த் போல்ட். அந்த ஆள் ஸ்பேனர் எடுக்கல, விரலால சுத்தினார், சுத்துது. லக்குக்கு (வயர் முனையில இருக்கற வளையம்) அடியில பெயிண்ட் அப்படியே பளபளன்னு இருக்கு, ஒரு ஓரத்துல மட்டும் நகக்கண் அளவுக்கு உரசி இரும்பு தெரியுது. நாலு மாசமா என் வண்டி அந்த நகக்கண்ணுலதான் ஓடியிருக்கு. பெயிண்டைச் சுரண்டி, புது போல்ட் போட்டு, டார்க் ரென்ச் வச்சு முறுக்கிக் கொடுத்தாங்க. பத்து நாளாச்சு, பிரச்சினை இல்ல. எல்லாருக்கும் நன்றி.

விட்டுக்கொடாதான்:
சந்தோஷம். ஆனா ஒரு விஷயத்தைப் பூசி மெழுக வேண்டாம். கண்டுபிடிச்சது யாரு? உங்க தம்பியோட போன். பேட்டரி ட்ரேயைக் கழட்ட எவ்வளவு நேரம் ஆயிருக்கும், பதினைஞ்சு நிமிஷமா? அதை முதல் விசிட்லயே பண்ணியிருக்கலாம். ஜாப் கார்டுல "எர்த் போல்ட் தளர்வு, தொழிற்சாலைக் குறை"ன்னு எழுதி வாங்கினீங்களா?

பட்டறைவாசி:
முதல் விசிட்ல எர்த்தைத்தான் பார்க்கணும்னு எவனுக்குத் தெரியும் தம்பி? வண்டியில இருக்கற ஒவ்வொரு போல்ட்டையும் பதினைஞ்சு நிமிஷம் பார்த்தா வண்டி வெளியவே வராது. ரீசெட் போட்டு அனுப்பினதுக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

கணக்குப்புலி:
கொண்டாட்டத்தைக் கெடுக்க மனமில்லை, ஆனால் பத்து நாள் எதையும் நிரூபிக்காது. 63 நாளில் 9 என்றால் சராசரியாக ஏழு நாளுக்கு ஒரு முறை. கோளாறு சரியாகாமலேயே பத்து நாள் சும்மா இருக்க ஏறக்குறைய நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. சராசரியைப் போல மூன்று மடங்கு, அதாவது 21 நாள் வராமல் இருந்தால் அந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்கு வந்துவிடும். அதுவரை ரிவர்ஸ் எடுப்பதைக் குறைக்காதீர்கள், வழக்கம்போல ஓட்டுங்கள்.

முன்னாள்பாதசாரி:
எழுதி வாங்கல. "எலக்ட்ரிக்கல் செக்கப், ஓகே"ன்னுதான் போட்டிருக்காங்க, வீட்டுக்கு வந்துதான் படிச்சேன். நாளைக்குப் போய் மாத்தச் சொல்றேன். 21 நாள் கணக்கை ஃப்ரிட்ஜ்ல ஒட்டியாச்சு. இன்னைக்கு 11. மனைவி பின் சீட்டுலதான்.