மிச்சிகனிடம் தோற்றால் கோப்பைக்குக்கூட மரியாதை இல்லையா?

புதுக்குடித்தனம்:
ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, அமெரிக்கன் ஃபுட்பால் இப்போதுதான் கொஞ்சம் பிடிபடுகிறது. இந்த ஊர்ப் பல்கலைக்கழக அணி ஒஹாயோ ஸ்டேட் 2024 சீசனில் தேசிய சாம்பியன். ஆனால் ஆபீசில் பேச்சை எடுத்தால் கோப்பையைப் பற்றி இரண்டு வார்த்தை, அப்புறம் அரை மணி நேரம் பரம எதிரியான மிச்சிகன் பல்கலைக்கழகத்திடம் தோற்ற புலம்பல்தான். நவம்பர் கடைசியில் கேம்பஸ் பக்கம் போனால் பலகைகளில் இருக்கும் ‘எம்’ எழுத்தின் மேலெல்லாம் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறார்கள்! இரண்டு மேட்ச் தோற்றவர்கள் எப்படி சாம்பியன் ஆனார்கள், ஆன பிறகும் ஏன் இந்த ஒப்பாரி?

சிவப்புச்சட்டை:
முதல் கேள்வி சுலபம். அதற்கு முந்தைய வருடம் வரை பிளேஆஃபுக்கு (சாம்பியனை முடிவு செய்யும் நாக்-அவுட் சுற்று) நாலே அணிதான், 2024-இல் பன்னிரண்டாக்கினார்கள். தேர்வுக்குழுவின் பட்டியலில் ஒஹாயோ ஸ்டேட் ஆறாவது, அதனால் பழைய கணக்காக இருந்தால் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்திருக்க வேண்டியதுதான். உள்ளே போன பிறகுதான் கூத்து. டென்னசியை 42-17. அக்டோபரில் ஒரே புள்ளியில் (32-31) நம்மைக் கவிழ்த்த ஓரிகன், அதுவரை ஒரு மேட்ச்கூடத் தோற்காதவர்கள், ரோஸ் பவுல் என்ற காலிறுதி ஆட்டத்தில் இடைவேளைக்கு முன்பே 34-0 என்று கிடந்தார்கள், முடிவு 41-21. பிறகு டெக்சாஸ் 28-14. 2025 ஜனவரி 20, அட்லாண்டாவில் இறுதி ஆட்டம், நோட்ர டேம் 34-23.

ஆன்ஆர்பர் மாமா:
ஒப்பாரிக்குக் காரணம் மிச்சிகன்காரர்கள் நாங்கள்தான். 2024 நவம்பர் 30. அந்த வருடம் எங்கள் அணி படுமோசம், அதற்குமுன் ஆடிய 11-இல் 5 தோல்வி. ஒஹாயோ சுமார் 20 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டுகிறவர்கள் சொன்னார்கள். அவர்கள் மைதானத்திலேயே 13-10! 45 விநாடி மிச்சம் இருக்கும்போது 21 யார்டு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தால் மூன்று புள்ளி). தொடர்ந்து நாலாவது முறை. அப்புறம் எங்கள் பையன்கள் மைதானத்தின் நடுவில் கொடி நடப் போனதில் கைகலப்பாகி, போலீஸ் மிளகு ஸ்பிரே அடித்துத்தான் பிரித்தது. உங்கள் ஆபீஸ்காரர்களிடம் கோப்பையைப் பற்றிக் கேட்காதீர்கள் தம்பி, அந்தக் கொடியைப் பற்றிக் கேளுங்கள்.

மொட்டைமாடி:
மாமா பாதிக் கதையோடு நிறுத்திவிட்டார். அந்தக் கொடியைக் கம்பிலிருந்து பிய்த்துப் பிடுங்கியவர் ஒஹாயோ வீரர் ஜாக் சாயர். டெக்சாஸ் மேட்சில் 21-14, இரண்டு நிமிடம் சொச்சம் பாக்கி, கோல் கோட்டுக்கு எட்டு யார்டில் டெக்சாஸின் கடைசி வாய்ப்பு (முன்னேற நாலு முறைதான் முயலலாம்). இதே சாயர், டெக்சாஸுக்காகப் பந்தை எறியும் குவின் யூவர்ஸின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டு, தானே எடுத்துக்கொண்டு 83 யார்டு ஓடினார். யூவர்ஸ் ஒஹாயோவில் இருந்தபோது இருவரும் ஒரே அறையில் தங்கியவர்கள், அதுதான் இன்னும் கொடுமை.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். மிச்சிகன் மேட்சில் எங்கள் உதைப்பாளர் ஜெய்டன் ஃபீல்டிங் இரண்டு ஃபீல்ட் கோல் தவறவிட்டார், தோற்றது மூன்றே புள்ளியில். நோட்ர டேம் இறுதி ஆட்டத்தில் 31-7 என்று இருந்தது 31-23 ஆகி வயிற்றைக் கலக்கிய நேரம், மூன்றாவது வாய்ப்பு, பந்தைத் தக்கவைக்க 11 யார்டு வேண்டும், ஓடி நேரத்தைத்தான் கரைப்பார்கள் என்று நான் நினைத்தேன். வில் ஹோவர்ட் தூக்கி எறிந்தார், ஜெரமையா ஸ்மித் பிடித்தார், 56 யார்டு. முதலாம் வருடப் பையன்! அதன்பின் 26 விநாடி இருக்கும்போது 33 யார்டிலிருந்து உதைத்துக் கதையை முடித்தவர் யார்? அதே ஃபீல்டிங். நான் சோபா மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன்.

புதுக்குடித்தனம்:
அடேங்கப்பா. அப்படியென்றால் கோச் ரயன் டேயை விரட்டச் சொன்னவர்கள்?

சிவப்புச்சட்டை:
டிசம்பரில் விரட்டச் சொன்னார்கள், ஜனவரியில் சிலை வைக்கச் சொன்னார்கள். மாமா, 2025 நவம்பரில் உங்கள் ஊரிலேயே நாங்கள் ஜெயித்தது 27-9. அதையும் கொஞ்சம் எழுதுங்களேன்.

ஆன்ஆர்பர் மாமா:
அன்றைக்கு எங்கள் வீட்டில் நெட் இல்லை.