வெள்ளி நானோ துகள்: பெக் பூசியும் செல் சாவு குறையவில்லை, யோசனை தேவை

சிட்ரேட் பூசிய 20 நானோமீட்டர் வெள்ளித் துகள் மேல் 5,000 டால்டன் தயால்-பெக் (கந்தக முனையால் வெள்ளியில் ஒட்டும் பாலிஎத்திலீன் கிளைக்கால்) ஏற்றி, ஹெப்ஜி2 என்ற மனிதக் கல்லீரல் புற்றுநோய்ச் செல்லில் 24 மணி நேரம் வைக்கிறோம். மீடியத்தில் (செல் வளரும் திரவத்தில்) 10 சதவீதம் சீரம். துகள் திரளுவது நின்றுவிட்டது, டிஎல்எஸ் (ஒளிச்சிதறல் முறை) காட்டும் துகள் அளவும் நிலையாக இருக்கிறது. செல் சாவு மட்டும் அப்படியே!

சந்தேகம் அயனி மேல்தான். கரைந்த ஆக்ஸிஜன் வெள்ளியை அரித்து அயனியாக்கும். பெக் அதை முழுசாகத் தடுக்காது. ஸ்டாக் (சேமித்து வைத்த துகள் கரைசல்) பழசானால் இன்னும் மோசம். (4 டிகிரியில், இருட்டில், நைட்ரஜன் நிரப்பி வைப்பதால் வேகம் குறையும், நிற்காது.)

3 கிலோடால்டன் வடிகட்டியில் சுழற்றி, கீழே இறங்குவதை (துகள் நீங்கி அயனி இருக்கும் கரைசலை) மட்டும் செல்லுக்குக் கொடுக்க நினைக்கிறோம். ஆனால் மீடியத்தில் சுழற்றினால் அயனி சீரத்திலுள்ள அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டும், குளோரைடோடு சேர்ந்து படிந்தும் மேலேயே தங்கும். வெள்ளியின் அளவைக் கணிக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி அயனியைக் குறைத்துக் காட்டும். தண்ணீரில் சுழற்றினால் செல் சந்திக்கும் நிலைமையே வேறு. இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அதே செறிவில் வெள்ளி நைட்ரேட் கண்ட்ரோல் மட்டும் போதுமா?

எல்டிஎச் சோதனையை (செத்த செல்லிலிருந்து கசியும் நொதியை அளப்பது) நம்ப முடியவில்லை, வெள்ளி அந்த நொதியையே முடக்கும். செல் இல்லாத குழியில் துகளை மட்டும் வைத்துக் கழித்தால் ரெசசூரின் (உயிருள்ள செல் நிறம் மாற்றும் சாயம்) சரிப்படுமா? சிலிக்கா ஓடு போட்டவர்கள் இருந்தால், எத்தனை நானோமீட்டர் தடிமனில் அயனிக் கசிவு குறைந்தது என்றும் சொல்லுங்கள்.