மடிக்கணினி ‘பூட்’ ஆகவில்லை: தமிழில் எப்படிச் சொல்வது?

சிற்றூர் வட்டம், பாலக்காடு:

குழு அன்பர்களுக்கு வணக்கம். தமிழ்வழி வகுப்புகள் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கேரளப் பள்ளிகளில் 2018 முதல் இயங்கிவரும் ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்களில் வன்பொருள் பயிற்சியும் உண்டு. இயங்க மறுக்கும் மடிக்கணினியை எப்படிச் சோதிப்பது என்று விளக்கும் நான்கு பக்கக் கையேட்டை எங்கள் மாணவர்களுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும்.

அணைத்த கணினி இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டு இயங்கத் தொடங்குவதை ஆங்கிலத்தில் ‘பூட்’ என்பார்கள். மலையாளத்தில் ‘பூட்’ என்றே எழுதிவிடுகிறார்கள். அங்கே வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் தனித்தனி எழுத்து இருப்பதால் குழப்பம் இல்லை. நான் தமிழில் ‘கணினி பூட் ஆகவில்லை’ என்று எழுதிக் காட்டியபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “பூட்டவில்லை என்றால் திறந்துதானே இருக்கும், டீச்சர்?” என்று கேட்டாள். அவள் வாசித்ததில் பிழை இல்லை. எழுதியதுதான் அவளை அங்கே கொண்டுபோய் விட்டது. ‘தொடக்கம்’ என்று மாற்றினால் வேறொரு தொல்லை. விளக்கே எரியாத கணினியும் தொடங்கவில்லை, விளக்கு எரிந்து நிறுவனச் சின்னத்தோடு நின்றுவிடும் கணினியும் தொடங்கவில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பிப்பதே கையேட்டின் நோக்கம் என்பதால், இவ்விரண்டையும் ஒன்றாக்கும் சொல் எனக்குப் பயன்படாது. வினையாகவும் பெயராகவும் வரக்கூடிய, தொகைச்சொற்களுக்கும் இடம் தரக்கூடிய ஒரு சொல்லை அருள்கூர்ந்து தாருங்கள்.

கொழிஞ்சாம்பாறை:

அம்மா, உங்கள் மாணவி தன்னை அறியாமலே விடையைச் சொல்லிவிட்டாள். ‘பூட்டு’ என்பதற்குத் தாழிடுதல் என்ற பொருள் மட்டுமா உண்டு? ஏர் பூட்டுதல், வண்டி பூட்டுதல், வில்லில் நாண் பூட்டுதல் என்று எதை எடுத்தாலும் ஒரு கருவியைத் தொழிலுக்கு ஆயத்தமாக்குவதையே அச்சொல் குறிக்கிறது. சித்திரையில் பொன்னேர் பூட்டினால்தான் அந்த ஆண்டின் உழவு தொடங்கும். நம் பாலக்காட்டுச் சேற்று வயல்களில் நடக்கும் காளைப்பூட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மலையாளத்தில் உழுவதற்கே பூட்டு என்றுதான் பெயர். சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் ஏரொடு நின்றோர் பாடும் ஏர்மங்கலமும் இத்தொடக்கத்தைப் போற்றும் பாட்டே.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலச் சொல்லின் மூலமான ‘பூட்ஸ்டிராப்’ என்பது, பூட்ஸை இழுத்து மாட்டுவதற்காக அதன் பின்புறம் தைத்த வார். மாட்டின் கழுத்தை நுகத்தடியோடு பிணைப்பதை நாம் பூட்டாங்கயிறு என்கிறோம். ஓசையும் ஒக்கிறது, கயிறும் ஒக்கிறது. ‘கணினி பூட்டு’, ‘பூட்டு வரிசை’, ‘பூட்டி’ என எல்லா வடிவங்களும் தடையின்றி வரும். நம் கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு வேறெங்கும் போய்த் தேட வேண்டியதில்லை.

செங்கோட்டை:

பெரியவர் ஐயாவின் விளக்கம் சுவையானது. ஆனாலும் கணினித் துறையில் அச்சொல்லை ஏற்க முடியாது. கடவுச்சொல் இட்டுத் திரையைப் பூட்டுவதும், கோப்பைப் பூட்டுவதும் தமிழ் இடைமுகங்களில் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்ட வழக்குகள். ‘பூட்டிய மடிக்கணினி’ என்றால் எந்த மாணவரும் கடவுச்சொல்லைத்தான் நினைப்பார்.

நான் ‘முதலேற்றம்’ என்பதை முன்மொழிகிறேன். நடப்பதை அது உள்ளபடியே சொல்கிறது. பழைய முறையில் வன்தட்டின் முதல் பகுதி 512 பைட்டுகளே கொண்டது; அதில் நிரலுக்குக் கிடைப்பவை 446 பைட்டுகள். அத்துணைச் சிறிய நிரல் தன்னிலும் பெரிய நிரலை நினைவகத்தில் ஏற்ற, அது இயங்குதளத்தின் கருவை (கெர்னல்) ஏற்றுகிறது. இன்றைய கணினிகளில் உள்ள யுஇஎஃப்ஐ என்னும் தொடக்க முறையில் முதல் நிரல் வட்டின் தனிப் பிரிவு ஒன்றில் கோப்பாகவே இருக்கிறது என்றாலும், ஒன்று மற்றொன்றை ஏற்றும் முறை மாறவில்லை. முதலேற்று, முதலேற்றி, முதலேற்ற வரிசை என்று வடிவங்களும் ஒழுங்காக அமையும்.

தூய்மையா தெளிவா என்ற பூசல் நமக்குப் புதிதன்று. சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களுக்குச் சங்கம் கண்டதும் 1916ஆம் ஆண்டுதான். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். இரண்டு வழிகளும் இன்றுவரை அருகருகே ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டுக்கும் பொருந்தும் சொல் அரிதாகவே கிடைக்கும். இது அப்படிப்பட்ட சொல் என்று நம்புகிறேன்.

நகரி, ஆந்திரம்:

வணக்கம். திருத்தணிக்கு வடக்கே, எல்லைக்கு இந்தப் பக்கம் மடிக்கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இலக்கணம் பேசும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் டீச்சர் அம்மா கேட்கும் வேறுபாடு எங்கள் பிழைப்போடு கலந்தது என்பதால் எழுதுகிறேன்.

வருகிற கணினியின் மேல் ஒட்டும் சீட்டில் மூன்றில் ஒன்றை எழுதுவோம்: ‘டெட்’, ‘நோ டிஸ்ப்ளே’, ‘பூட் ஆகல’. பொத்தானை அழுத்தியும் விளக்கோ விசிறியோ அசையாவிட்டால் முதல் வகை. சார்ஜரைக் கழற்றி, கழற்ற முடிகிற பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிட்டு, பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்துப் பிறகு சார்ஜரை மட்டும் மாட்டிப் பார்ப்போம். தேங்கிய மின்சாரம் வடிந்து சில கணினிகள் அதிலேயே சரியாகிவிடும். விளக்கும் விசிறியும் வேலை செய்து திரை மட்டும் இருண்டிருந்தால் இரண்டாம் வகை. பெரும்பாலும் ரேமை (நினைவகப் பலகையை) கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, மீண்டும் ‘டிக்’ என்று விழும்வரை அழுத்தி மாட்ட வேண்டியிருக்கும். பீப் ஒலியோ விளக்கின் சிமிட்டலோ எத்தனை முறை வருகிறது என்பதைக் குறித்துக்கொண்டால் கோளாறு எங்கே என்பது தெரியவரும். நிறுவனத்தின் சின்னம் வந்த பிறகு ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்றோ ‘கிரப் ரெஸ்க்யூ’ என்றோ கறுப்புத் திரையில் நின்றால்தான் மூன்றாம் வகை. அங்கே ரேமைத் தேய்த்துப் பயனில்லை. வட்டையும் அமைப்பையும் பார்க்க வேண்டும். தாய்ப்பலகையில் உள்ள மூன்று வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்து, தேதி பின்னோக்கிப் போய், அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியதால் வட்டு நல்ல நிலையில் இருந்தும் நின்றுபோன கணினிகளும் உண்டு.

ஆகவே செங்கோட்டை அம்மாவின் ‘முதலேற்றம்’ எனக்கு இடிக்கிறது. எங்களிடம் வருபவர்களின் முதல் முறையீடே ‘சார்ஜ் ஏறவில்லை’ என்பதுதான். புத்தகத்தில் அது ‘மின்னேற்றம்’. ஒரே பக்கத்தில் மின்னேற்றமும் முதலேற்றமும் வந்தால் பிள்ளைகள் தடுமாறுவார்கள். இங்கே தமிழ் பேசுபவர் ‘எந்திரிக்கல’ என்கிறார், தெலுங்கு பேசுபவர் ‘லேவலேது’ என்கிறார். ‘எழவில்லை’ என்று எழுதினால் என்ன?

குப்பம்:

நகரி அன்பர் தகுதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இதுவரை வந்தவற்றுள் இலக்கணத்துக்கு மிகவும் இசைந்த சொல்லை அவரே தந்திருக்கிறார். நமக்கு வேண்டுவது தன்வினையும் பிறவினையும் தெளிவாகப் பிரியும் ஒரு வேர். கணினி எழுகிறது, நிரல் கணினியை எழுப்புகிறது. எழல், எழுப்பு, எழுப்பி, எழுப்பு வரிசை, எழுப்பு வட்டு. ‘எழுப்பத்தக்க வட்டு இல்லை’ என்று பெயரெச்சத் தொடரும் இயல்பாக அமைகிறது. ‘முதலேற்று’ என்பதில் எழுவாய் யார் என்பதே மங்கலாக இருக்கிறது.

எல்லைப்புற வழக்கு என்று இதை ஒதுக்கவும் வேண்டா. செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்துச் சொற்களைத் தொல்காப்பியர் திசைச்சொல் என்று ஏற்றுக்கொண்டார். அந்தப் பன்னிரண்டில் உரையாசிரியர்கள் குட்டநாட்டையும் குடநாட்டையும் எண்ணினர். வடக்கே அருவா வடதலையையும் எண்ணினர். சிற்றூரும் நகரியும் இன்று நிற்கும் இடம் அந்த விளிம்புதான். இங்கோ, மலையாளத்து ‘எழுந்நேல்க்கு’ம் தெலுங்கு ‘லேச்சு’ம் நம் ‘எழு’வும் ஒரே கருத்தைக் கொண்டு நிற்பதால், திசைச்சொல் என்ற விலக்குக்கூடத் தேவைப்படவில்லை.

‘கிளப்பு’ என்றும் ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். கிளம்பு, கிளப்பு என்பது திரும்பு, திருப்பு போல நல்ல இணைதான். வண்டி கிளம்பவில்லை என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். ஆனால் தொல்காப்பியத்தில் ‘தம்மியல் கிளப்பின்’ என்று வரும்போது அது சொல்லுதலைக் குறிக்கிறது. கிளவி, கிளத்தல் எல்லாம் அந்த வழியே. இன்றோ வதந்தியையும் சண்டையையும் கிளப்புகிறோம். பாடநூலுக்கு அது ஒட்டாது என்பது என் கருத்து.

செங்கோட்டை:

மின்னேற்றத்தோடு மோதும் என்ற தடையை ஏற்றுக்கொள்கிறேன், அது வலுவானது. அதே அளவு வலுவான தடை ‘எழுப்பு’க்கும் இருக்கிறது. மடிக்கணினியின் மூடியை மூடினால் அது உறக்கநிலைக்குப் போகிறது. மூடியைத் திறந்தால் எழுகிறது. அப்போது எதுவும் புதிதாக நினைவகத்தில் ஏறுவதில்லை. அங்கே முன்பு இருந்தவை அப்படியே இருக்கின்றன. உறங்கியது எழுவதற்கும் அணைத்தது எழுவதற்கும் ஒரே சொல்லா? டீச்சர் அஞ்சிய குழப்பம் மறுவாசல் வழியாக வந்துவிடுகிறதே.

குப்பம்:

தமிழ் இதற்கு விடை வைத்திருக்கிறது. உறக்கத்தின் எதிர்ச்சொல் விழிப்பு. படுக்கையில் விழித்துக் கிடப்பவன் இன்னும் எழவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். உறக்கநிலையிலிருந்து கணினி விழிக்கிறது. அணைத்த நிலையிலிருந்து எழுகிறது. இரண்டையும் முதற்பக்கத்திலேயே ஒருமுறை வரையறுத்துவிட்டால் போதும்.

சிற்றூர் வட்டம்:

அனைவருக்கும் நன்றி. விழிப்பு, எழுச்சி என்ற பிரிவை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், விளக்கம் தேவைப்படவில்லை. மூன்றாம் பக்கத்தை இப்படி எழுதியிருக்கிறேன்:

“விளக்கு எரிந்து, நிறுவனத்தின் சின்னமும் தெரிந்து, அதற்கு மேல் நகராமல் நின்றால் அது எழாத கணினி. முதலில், செருகியிருக்கும் பென்டிரைவை எடுத்துவிடுக. கணினி அதிலிருந்து எழ முயன்றுகொண்டிருக்கலாம். பிறகு அணைத்து, பொத்தானை அழுத்திய உடனே எஃப்2 அல்லது எஃப்12 விசையைத் தட்டி (நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும்) எழுப்பு வரிசையைத் திறக்க. வன்தட்டோ எஸ்எஸ்டியோ அந்தப் பட்டியலில் இல்லையென்றால் வட்டு பழுதுபட்டிருக்கலாம், இணைப்பு தளர்ந்திருக்கலாம். பட்டியலில் இருந்தும் எழவில்லையென்றால், உபுண்டு இயங்குதளம் உள்ள எழுப்பு பென்டிரைவால் கணினியை எழுப்பி, வேறெதையும் தொடும் முன் கோப்புகளைப் படியெடுத்துவிடுக. இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவது அதற்குப் பின்தான்.”

திரையில் ஆங்கிலத்தில் வரும் செய்தியை ஒலிப்பில் எழுதி, அதன் அருகே தமிழையும் தருகிறேன். ‘பூட்’ என்ற ஒலியைக் கடையிலும் திரையிலும் பிள்ளைகள் எப்படியும் சந்திப்பார்கள். பெரும்பான்மையோர் ‘எழுப்பு’க்கு இசைந்திருப்பதாகவே எண்ணி, அதை வைத்து அச்சுக்குக் கொடுக்கிறேன். மீண்டும் எழுப்புவதற்கு ‘மீளெழுப்பு’ என்று போட்டிருக்கிறேன்.

செங்கோட்டை:

அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிடுங்கள். இயங்குதளத்தின் பட்டியலில் ‘மறுதொடக்கம்’ என்ற பொத்தானைத்தான் மாணவர்கள் சொடுக்கப் போகிறார்கள். திரையில் ஒரு சொல்லும் கையேட்டில் வேறொரு சொல்லும் இருந்தால் அவர்கள் பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

குப்பம்:

எழுப்புக்குப் பின் மறுதொடக்கம் வந்தால் வேர் முறிந்துபோகிறது. பொத்தானைத்தான் திருத்த வேண்டும்.

செங்கோட்டை:

அது வெள்ளிக்கிழமைக்குள் நடக்காது, ஐயா.

கொழிஞ்சாம்பாறை:

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் இந்த இழையைப் பின்னாளில் படிப்பவர்களுக்காக ஒன்றைப் பதிவு செய்கிறேன். தாழிடும் பூட்டு வேறு, ஏர் பூட்டும் பூட்டு வேறு என்பதை இடம் நோக்கி அறியும் ஆற்றல் தமிழ்ப் பிள்ளைகளுக்கு உண்டு. ‘பூட்டு’க்கே என் ஒப்புதல். நுகம், பூட்டாங்கயிறு, மேழி, கொழு ஆகிய உழவுச் சொற்களில் எவை கணினிக்கு இசையும் என்று தனி இழையில் எழுதுகிறேன்.