தேக்கு நிலைவாசலின் அடிப்பாகம் மட்டும் இற்றுப்போவது ஏன்?

கேள்வி: ஆற்காட்டு வாசகர்

ஆற்காட்டை அடுத்த எங்கள் பூர்வீக வீட்டில் தாத்தா காலத்துத் தேக்கு நிலைவாசல் ஒன்று இருக்கிறது. இடுப்புயரத்துக்கு மேல் இன்றும் ஆணி அடித்தால் ஆணிதான் வளைகிறது. ஆனால் தரையை ஒட்டிய ஒரு சாண் உயரம் மட்டும் வெளுத்து, நார் நாராகப் பிரிந்து, திருப்புளியால் குத்தினால் பிடி வரை இறங்கும் நிலைக்கு வந்துவிட்டது. கரையானின் மண்தடம் எங்கும் காணவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பழைய தரையின்மேலேயே டைல்ஸ் பதித்ததைத் தவிர வீட்டில் வேறு எந்த மாற்றமும் செய்யவில்லை.

ஆசாரி ஒருவர், நிலையைப் பிடுங்கிவிட்டு வேப்பமரத்தில் புதிதாகச் செய்து வேஸ்ட் ஆயில் அடித்துத் தருவதாகச் சொல்கிறார். ஒரே மரத்தின் மேல்பாகம் இரும்பாகவும் அடிப்பாகம் பஞ்சாகவும் ஆனதற்குக் காரணம் தெரியாமல் அதைப் பிடுங்க மனம் வரவில்லை. அதே வாசலின் கதவு ஐப்பசி, கார்த்திகையில் இறுகித் திறக்க மறுக்கிறது. சித்திரையில் இடுக்கு விட்டு ஆடுகிறது. இவை இரண்டும் ஒரே நோயா, வெவ்வேறா? மர ஆராய்ச்சி இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: காட்பாடியிலிருந்து

ஐயா, இரண்டுக்கும் காரணம் நீர்தான் என்றாலும், நோய் என்று சொல்லத்தக்கது முதலாவது மட்டுமே.

மரத்துக்குள் நீர் இரண்டு விதமாக இருக்கிறது. செல்லின் சுவரோடு பிணைந்திருப்பது ஒன்று. சுவர்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில் தேங்கி நிற்பது மற்றொன்று. சுவர் தன்னால் இயன்ற அளவு நீரைக் குடித்து நிறைந்த நிலையை இழைச் செறிவு நிலை என்பார்கள். பெரும்பாலான மரங்களில் அது உலர்ந்த எடையில் ஏறத்தாழ 28 முதல் 30 விழுக்காடு. அழுகல் பூஞ்சை மரத்தைத் தின்ன வேண்டுமானால் ஈரம் ஏறக்குறைய அந்த எல்லையை எட்டி, அங்கேயே நீடிக்க வேண்டும். ஆகவேதான் மரத்தை 20 விழுக்காட்டுக்குக் கீழ் வைத்திருந்தால் அழுகல் தொடங்காது என்ற விதி உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. அந்த வறட்சியில் மருந்தே இல்லாத மரமும் தலைமுறைகள் தாண்டி நிற்கும். உங்கள் நிலையின் மேல்பாகமே அதற்குச் சான்று.

காற்றிலுள்ள ஈரம் மட்டும் கூரைக்குக் கீழுள்ள மரத்தை அழுகும் எல்லைக்குக் கொண்டுபோவதில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடாக இருக்கும் அடைமழைக் காலத்தில்கூட மரம் 15 அல்லது 16 விழுக்காட்டில் சமநிலை அடைந்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் நம் பக்கம் வீசும் வறண்ட காற்றில் அது 7 அல்லது 8 வரை இறங்கும். கதவு இறுகுவதும் தளர்வதும் இந்த ஏற்ற இறக்கத்தால்தான். தேக்கு, பச்சை நிலையிலிருந்து முழுக்க உலரும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் சுமார் 5.8 விழுக்காடும், அவற்றுக்குக் குறுக்கே ஆரத்தின் போக்கில் சுமார் 2.5 விழுக்காடும் சுருங்குகிறது. இதைக் கொண்டு கணக்கிட்டால், ஓரடி அகலப் பலகை ஒன்று 6 விழுக்காடு ஈரமாற்றத்தில் அறுப்பின் திசையைப் பொறுத்து ஒன்றரை மில்லிமீட்டரிலிருந்து மூன்றரை மில்லிமீட்டர் வரை அகலம் மாறும். மற்ற மரங்களோடு ஒப்பிட்டால் இது குறைவு. தேக்கைக் கதவுக்குத் தேடிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய ஆசாரிகள் கதவின் நடுப்பலகையைப் பசையிட்டு இறுக்காமல் காடிக்குள் அசையும்படி நிறுத்தியதும் இந்த அசைவை அறிந்துதான். கார்த்திகையில் இறுகுகிறதே என்று அப்போதே இழைப்புளி போட்டால், சித்திரையில் இடுக்கு இன்னும் பெரிதாகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வார்னிஷ் இந்த ஏற்ற இறக்கத்தை மெதுவாக்கும், நிறுத்தாது. அதையும் முகப்பில் மட்டும் பூசாமல் இரு பக்கமும், கதவின் மேல் விளிம்பிலும் அடி விளிம்பிலும் பூச வேண்டும். அடி விளிம்பை எவரும் பூசுவதில்லை.

இனி அடிப்பாகத்துக்கு வருகிறேன். பழைய தரையின்மேலேயே டைல்ஸ் பதித்ததாக எழுதியிருக்கிறீர்கள். என் ஐயம் முழுவதும் அதன்மேல்தான். முன்பு நிலையின் கால் ஒரு கருங்கல்லின்மேல் நின்றிருக்கும். தரை உயர்ந்தபோது கல் மறைந்து, மரத்தின் கால் சிமெண்டுக் குழியில் புதைந்திருக்கும். நீர் பலகையின் பக்கவாட்டில் நுழைவதைவிட வெட்டுமுனை வழியாக, அதாவது குழாய்கள் வாய் திறந்திருக்கும் முனை வழியாக, பல மடங்கு விரைவாக ஏறும். நாள்தோறும் தரை துடைக்கும் நீர் டைல்ஸ் இடுக்கில் இறங்கி அந்த வாயில் தேங்குகிறது. ஏறிய நீர் ஆவியாக வழியில்லை. வெளுத்து நார் நாராகப் பிரிவது வெண்ணழுகலின் அடையாளம். பழுப்பழுகலாக இருந்தால் மரம் கருத்துக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும்.

மறுமொழி 2: போளூர் மரக்கடைக்காரர்

மேலே சொன்னது சரி என்றாலும், மரத்தின் பங்கையும் பேசியாக வேண்டும். தேக்கு என்றாலே அழியாது என்ற நம்பிக்கையில்தான் வாடிக்கையாளர்கள் ஏமாறுகிறார்கள். அழியாதது அதன் வைரம், அதாவது தண்டின் உட்பகுதியிலுள்ள கருத்த கட்டை மட்டுமே. வைரத்தைச் சுற்றியுள்ள வெள்ளை, அதாவது வெளிர்நிற வெளிக்கட்டை, எந்தச் சாதாரண மரத்தையும் போலவே பூஞ்சைக்கும் வண்டுக்கும் இரையாகும். வைரத்தில் டெக்டோகுயினோன் போன்ற வேதிப்பொருள்கள் ஊறியிருப்பதால் கரையான் அதை நெருங்கத் தயங்குகிறது. உங்கள் நிலையின் காலில் ஓர் ஓரமாக வெள்ளை கலந்திருந்தால் அழுகல் அங்கிருந்துதான் தொடங்கியிருக்கும். இற்ற பகுதி நான்கு பக்கமும் ஒரே ஆழத்தில் இருக்கிறதா, ஒரு பக்கம் அதிகமா என்று பாருங்கள்.

இந்திய மரங்களின் தாங்குதிறனை டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த முறை எளிமையானது. வைரப் பகுதியிலிருந்து 60 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் கனமும் உள்ள சட்டங்களை அறுத்து, பாதி நீளத்தை மண்ணில் புதைத்து, எத்தனை காலத்தில் அழிகின்றன என்று பார்த்தார்கள். இந்த முறைக்கு இடுகாட்டுச் சோதனை என்றே பெயர். 120 மாதங்களும் அதற்கு மேலும் நிற்பவை முதல் வகுப்பு, 60 முதல் 120 வரை இரண்டாம் வகுப்பு, 60க்குக் கீழே மூன்றாம் வகுப்பு. தேக்கும் சாலும் முதல் வகுப்பு; மாமரம் மூன்றாம் வகுப்பு. பத்தாண்டுதான் வருமா என்று இதைப் படித்துவிட்டு அஞ்சுகிறவர்கள் உண்டு. கரையான் நிறைந்த ஈரமண்ணில் மெல்லிய சட்டம் பத்தாண்டு நிற்பதே பெரிய காரியம்; கூரைக்குக் கீழே கல்லின்மேல் நிற்கும் கனத்த நிலைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. உங்கள் நிலையின் காலையோ, நீங்களே மெல்ல மெல்ல இடுகாட்டுச் சோதனைக்குள் இறக்கிவிட்டீர்கள்.

புதிய மரம் வாங்குவதானால் ஒன்று சொல்கிறேன். இப்போது சுற்றுவட்டாரத்தில் வயலோரம் வளர்த்து இளமையிலேயே வெட்டப்படும் தேக்கில் வெள்ளை அதிகம். வைரத்திலும் நடுத்தண்டை ஒட்டிய உட்பகுதியைவிட வெளிவைரமே உறுதி மிகுந்தது. பழைய மரத்தில் முக்கால் பங்கு நன்றாக இருக்கும்போது அதைக் கழித்துவிட்டு வெள்ளை கலந்த புது மரத்தை வைப்பது, விற்கிறவனாகிய எனக்கு லாபம், உங்களுக்கு இல்லை. வேம்பு நல்ல மரந்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே ஈரக்குழியில் நிறுத்தினால் அதற்கும் இதே கதிதான்.

மறுமொழி 3: குடியாத்தம், வேதியியல் ஆசிரியர்

வேஸ்ட் ஆயிலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது மரக்காப்பு மருந்தே அன்று. மேற்பரப்பில் படிந்து கருப்பாக்கும், உள்ளே இறங்காது, பிறகு பூசும் வண்ணத்தையும் ஒட்டவிடாது. புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சேர்மங்களும் அதில் இருப்பதால், குழந்தைகள் கை வைக்கும் வாசலில் அதை அடிக்கக் கூடாது.

மெய்யான மரக்காப்பு மருந்துகளின் வரலாற்றில் இந்தியாவுக்குப் பெரிய இடம் உண்டு. செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்து மரத்துக்குள் அழுத்தத்தால் செலுத்தும் கலவையை 1933இல் உருவாக்கியவர் சொந்தி காமேசம் என்ற இந்திய விஞ்ஞானி. குரோமியம் மற்ற இரண்டையும் மரத்தோடு பிணைத்துவிடுவதால் மழையில் கரையாமல் நிற்கும். உலகெங்கும் மின்கம்பங்களும் வேலிக்கால்களும் இதனால் நெடுநாள் நின்றன. ஆர்சனிக்கின் நச்சுத்தன்மையைக் கருதி அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் முடிவோடு வீட்டு உபயோக மரங்களுக்கு இதைப் பயன்படுத்துவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அந்த மருந்தேற்றிய பழைய கம்பத்தை விறகாக எரிப்பது ஆபத்து. சாம்பலில் ஆர்சனிக் தங்கும்.

வீட்டுக்குள் ஏற்றது போராக்சும் போரிக் அமிலமும் கலந்த கரைசல். கேரளத்து ரப்பர் மரம் அறைகலன்களாக மாறியது இந்த மருந்தால்தான். இதில் ஒரு விசித்திரம் உண்டு. தேக்கின் வைரம் அழுத்தினாலும் மருந்தை எளிதில் ஏற்காத மரம். ஆனால் மரத்தில் ஈரம் இருந்தால் இந்தக் கரைசலிலுள்ள போரான் அந்த ஈரத்தின் வழியே தானாக மெல்லப் பரவும். அதே இயல்பே அதன் குறையுமாகும்: மழை நனைக்கும் இடத்தில் கரைந்து வெளியேறிவிடும்.

மறுமொழி 4: கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வாசலோரம் ஒரு டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தேன். காட்பாடி நண்பர் ஊகித்தபடியே கருங்கல் இரண்டங்குலம் கீழே இருக்கிறது, மரத்தின் காலைச் சுற்றிச் சிமெண்டு இறுகியிருக்கிறது. அழுகல் வீட்டு உட்பக்க மூலையில்தான் ஆழம். அங்கே மரத்தின் நிறமும் வெளிர். பிளைவுட் கடையில் இரவல் வாங்கிய ஈரமானி, அடியில் 31 என்றும் இடுப்புயரத்தில் 11 என்றும் காட்டியது. இற்ற பகுதியை மட்டும் வெட்டி ஒட்டுப் போடலாமா? போரான் எப்போது இட வேண்டும்?

மறுமொழி 5: காட்பாடியிலிருந்து

ஒட்டுப் போடலாம். கண்ணுக்குத் தெரியும் அழுகலோடு வெட்டை நிறுத்தாதீர்கள். பூஞ்சை நுழைந்த மரம் பார்வைக்கு மாறுவதற்கு முன்பே வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடும் என்பதால், நல்ல மரத்துக்குள் ஒரு சாண் தள்ளிச் சாய்வாக வெட்டி, முழுக்க வைரமான தேக்குத் துண்டைப் பொருத்தச் சொல்லுங்கள். முதலில் காலைச் சுற்றியுள்ள சிமெண்டைக் கொத்தி எடுத்து, கல் மீண்டும் தரைமட்டத்துக்கு மேல் வரும்படி உயர்த்துங்கள். அதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் வீண்.

வெட்டிய முகத்தில் ஈரம் இருக்கும்போதே போரான் கரைசலை இரண்டு மூன்று முறை ஊறவிட்டு, ஈரத்துணியும் பிளாஸ்டிக் தாளும் சுற்றிச் சில வாரம் விட்டால் அது உள்ளே பரவும். அதன்பின் அவிழ்த்துக் காற்றாட விடுங்கள். அந்த ஈரமானி மின்தடையை அளந்தே ஈரத்தைக் கணிக்கிறது. போரான் மருந்து போன்ற உப்பு ஏறிய மரத்தில் அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். எனவே மருந்து தொட்ட இடத்தை விட்டு, சற்று மேலே குத்தி அளவெடுங்கள். வெயிலில் காய்ந்து சூடேறிய மரத்திலும் கூடுதலாகக் காட்டும் என்பதால் விடியற்காலையில் அளப்பது நல்லது. அளவு 15க்குக் கீழ் வந்த பிறகே புதுத் துண்டை ஒட்டச் சொல்லுங்கள். பங்குனி வெயில் தொடங்கினால் அதற்கு அதிக நாள் பிடிக்காது.