மறுமொழி: ‘குத்துக்கரணம்’ கலைச்சொல் ஆகுமா?

அன்பின் நண்பர்களுக்கு,

அரசியல்வாதி கொள்கையை மாற்றிக்கொள்வதற்குக் ‘குத்துக்கரணம்’ என்றே வைத்துவிடலாம், சனத்துக்கு உடனே விளங்கும் என்று தம்பி எழுதியிருந்தார். விளங்கும்தான். ஆனால் அந்தச் சொல்லிலேயே தீர்ப்பும் சேர்ந்து வருகிறதே. வாக்காளர் என்ன தீர்ப்புச் சொல்கிறார் என்பதைத்தானே தேர்தல் ஆய்வுத் துறை ஆராய்கிறது?

இலங்கையின் 1956 தேர்தலை எடுங்கள். 1951இல் தொடங்கியபோது சிங்களமும் தமிழும் அரச மொழிகளாக வேண்டும் என்ற, பண்டாரநாயக்காவின் சுதந்திரக் கட்சி, 1955இல் ‘சிங்களம் மட்டும்’ என்றது. 1954இல் யாழ்ப்பாணத்தில் இரு மொழிக்கும் சம அந்தஸ்து என்று பேசியவர் பிரதமர் கொத்தலாவல. அவருடைய ஐக்கிய தேசியக் கட்சியும் 1956 பெப்ரவரியில், களனி மாநாட்டில், அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஏப்ரல் தேர்தலில் பண்டாரநாயக்காவின் கூட்டணிக்கு 51 ஆசனம், ஐ.தே.க.வுக்கு 8. மொழி மட்டும் காரணமில்லை, ஐ.தே.க. அரசின் 1953 அரிசி விலையேற்றத்தின் கோபமும் இருந்தது. என்றாலும் மாற்றம் ஒன்று, வரவேற்பு இரண்டு. தமிழருக்கு இரண்டுமே துரோகம். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் இரண்டையும் குத்துக்கரணம் என்று எழுதி மூடிவிட்டால், ஒன்று ஏன் பலித்தது, மற்றது ஏன் பலிக்கவில்லை என்று கேட்கவே தோன்றாது.

அதற்குப் பதில் ‘நகர்வு’ என்பதும் சரிவராது. நம் பத்திரிகைகளில் அது எப்போதும் காய் நகர்த்தல்தான், தந்திரம்தான். ‘கட்சி தாவல்’ வேறு விடயம். ‘நிலைப்பாட்டு மாற்றம்’ போதும்.

வாக்காளர் பக்கத்துக்குத்தான் தனிச் சொல் தேவை. திருகோணமலை பஸ் நிலையத்தடித் தேநீர்க் கடையில், தேர்தல் நேரம் ஓர் ஐயா சொன்னார்: “இப்ப சொல்லுறது சரிதான். ஆனா நாளைக்கு இதையும் மாத்த மாட்டார் எண்டு என்ன நிச்சயம்?” அமெரிக்காவில் வாக்காளரிடம் நடத்திய பரிசோதனைகளிலும் இதுவே தெரிந்தது. புதிய நிலைப்பாடு பிடித்திருந்தாலும், மாறியவரின் நேர்மைக்குப் புள்ளி குறைகிறது. சில வேளை, கிடைத்த ஆதரவை விட இழந்த நம்பிக்கை பெரிதாகிவிடுகிறது. இந்தக் குறைப்புக்கு ‘மாற்றத் தண்டம்’ என்பேன். நீதிமன்றத் தண்டப்பணம் எல்லாரும் அறிந்தது, விளக்கமே வேண்டாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். நீளம் என்று ‘நிலைமாற்றம்’ எனச் சுருக்காதீர்கள். போருக்குப் பின் உண்மையும் பொறுப்புக்கூறலும் தேடும் ‘நிலைமாறுகால நீதி’ இங்கே காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் வரை புழங்கும் சொல். அதோடு இது குழம்பக் கூடாது.