பார்க்ஃபீல்டில் 0.08 சதவீதத்தை எப்படி நம்புவது?

சேயோன்:
2004 செப்டம்பர் 28 அன்று கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் வந்த 6.0 அளவு நிலநடுக்கத்துக்குப் பிறகு, அங்கே பாறைக்குள் நில அதிர்வலைகளின் வேகம் 0.08 சதவீதம் அளவுக்குக் குறைந்ததாம். பிரெங்கியே என்ற ஆய்வாளரின் குழு 2008இல் எழுதியது. அளந்ததோ வெறும் இரைச்சலை, அதாவது நிலத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மெல்லிய அதிர்வை வைத்து. அந்த இரைச்சல் கடலிலிருந்து வருவது, புயலடித்தால் ஒரு மாதிரி, அடங்கினால் வேறு மாதிரி. இதில் எப்படி இவ்வளவு நுணுக்கம்?

கருங்கல்:
நியாயமான சந்தேகம்தான். அதிர்வைப் பதியும் ஒரே கருவியின் ஒரு நாள் இரைச்சலில் ஒன்றும் தேறாது. இரண்டு கருவிகளின் பதிவுகளை எடுத்து, ஒன்றின் மேல் மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, எந்த இடைவெளியில் ஒத்துப்போகிறது என்று பார்ப்பார்கள். நாள்கணக்கில் கூட்டினால், இரண்டையும் கடந்த அலை மட்டும் தங்கும். ஓரிடத்தில் தட்டி இன்னோரிடத்தில் கேட்டது போன்ற ஒரு பதிவு கிடைக்கும். அங்கே ஆழ்துளைகளில் 13 கருவிகள், ஜோடி சேர்த்தால் 78.

கடல் தொல்லை முதலில் வந்து சேரும் நேரடி அலையைத்தான் அதிகம் பாதிக்கும். அதனால் அதை ஒதுக்கிவிட்டு, பின்னால் வரும் வால் பகுதியை எடுக்கிறார்கள். பலமுறை மோதிச் சிதறிய அலை அது, கிளம்பிய திசையின் தடம் அதில் பெரும்பாலும் அழிந்திருக்கும். இன்னொரு லாபமும் உண்டு. வேகம் 0.08 சதவீதம் குறைந்தால் 5ஆவது நொடியில் வரும் அலை 0.004 நொடிதான் பிந்தும். 50ஆவது நொடியில் வருவது 0.04 நொடி பிந்தும். தாமதம் இப்படிச் சீராக வளர்ந்தால் மாறியது வேகம். எல்லா நொடியிலும் ஒரே தாமதம் என்றால் கருவியின் கடிகாரத்தைச் சந்தேகப்படுங்கள். இந்த மாதிரிக் கட்டுரை எது கையில் வந்தாலும் நான் முதலில் தேடுவது தாமதம் எப்படி வளர்கிறது என்று காட்டும் படத்தைத்தான்.

சேயோன்:
சரி, புரிகிறது. ஆனால் 2003 டிசம்பரில் சான் சிமியோனில் வந்த 6.5 நடுக்கத்துக்கும் பார்க்ஃபீல்டில் வேகம் குறைந்திருக்கிறதே? சுமார் 60 கிலோமீட்டர் தூரம்!

கருங்கல்:
அதுதான் ருசியான இடம். அவ்வளவு தூரத்து நடுக்கம் குறைத்தது என்றால், குலுக்கலில் மேல்மட்டப் பாறையின் நுண்விரிசல்கள் திறந்துகொண்டன என்பதுதான் எளிய விளக்கம். என் சாய்வும் அந்தப் பக்கம். ஆனால் 2004க்குப் பிறகு வேகம் மீண்ட விதம், நடுக்கம் வந்த நிலப்பிளவு அதற்குப் பின் மெல்ல நழுவியதை ஜிபிஎஸ் காட்டிய வளைகோட்டோடு மூன்று வருடம் கூடவே போகிறது. ஆழத்தில் அழுத்தம் தளர்ந்ததற்கும் பங்கு உண்டு என்று பிரெங்கியே குழு சொல்வதை அதனால் தள்ளிவிட முடியவில்லை.

மழைக்காலம்:
அப்போ அடுத்த நடுக்கத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாமா?

கருங்கல்:
அந்த ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள் :) 1993க்குள் வரும் என்று சொல்லிக் கருவிகளோடு காத்திருந்தார்கள், வந்தது 2004இல். இந்த முறையில் 30 நாள் பதிவைச் சேர்த்துத்தான் ஒரு புள்ளி வைக்கிறார்கள், முந்தின நாள் நடந்தது அதில் கரைந்துவிடும். போதாததற்கு மழை பெய்து நிலத்தடி நீர் ஏறினாலும் வேகம் மாறும்.

சேயோன், பார்க்ஃபீல்ட் பதிவுகள் இலவசமாகவே கிடைக்கும். பைத்தான் தெரியுமென்றால் இந்த இரைச்சல் கணக்கைச் செய்யும் எம்எஸ்நாய்ஸ் (MSNoise) மென்பொருளை நிறுவி, முதலில் ஒரே ஒரு ஜோடியை மட்டும் ஓட்டிப் பாருங்கள்.