இங்கிலாந்தில் ‘பப்ளிக் ஸ்கூல்’: காசா, இலவசமா?

கொங்குநாடன்:
வேலை விசாவில் குடும்பத்தோடு ரெடிங் போகிறோம். மகளுக்குப் பத்து வயது. ‘பப்ளிக் ஸ்கூல்’ என்று தேடினால் பல்லாயிரம் பவுண்டு கட்டணம் காட்டுகிறது. அமெரிக்காவில் இருக்கும் மச்சான் பப்ளிக் ஸ்கூலுக்குக் காசே கிடையாது என்கிறார். அகாடமி, எய்டட் என்பதெல்லாம் தனியாரா?

வெண்பா:
மச்சான் சொல்வது அவர் ஊருக்குச் சரி. இங்கிலாந்தில் பப்ளிக் ஸ்கூல் என்றால் ஈட்டன், ஹாரோ வகையறா, அதாவது தனியார். 1868-இல் வந்த பப்ளிக் ஸ்கூல்ஸ் சட்டமே அப்படிப்பட்ட ஏழு பள்ளிகளுக்காகத்தான். நீங்கள் ‘ஸ்டேட் ஸ்கூல்’ என்று தேடுங்கள். கம்யூனிட்டி, அகாடமி, ஃப்ரீ ஸ்கூல், வாலண்டரி எய்டட், கிராமர் (தேர்வு வைத்துச் சேர்க்கும் பள்ளி) எல்லாம் அதில் அடக்கம். எதிலும் கல்விக் கட்டணம் இல்லை. அகாடமிக்கு கவுன்சில் (உள்ளாட்சி) வழியாக இல்லாமல் மத்திய அரசே பணம் தரும். எய்டட் பெரும்பாலும் சர்ச் பள்ளி. கட்டடச் செலவில் சுமார் 10% நிர்வாகம் போடும், நம்மூர் அரசு உதவி பெறும் பள்ளிக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. ஸ்டேட் போர்டிங்கில் மட்டும் விடுதிக்குக் காசு உண்டு.

தேம்ஸ்கரை:
வேலை விசாவில் வருபவரின் பிள்ளை ஸ்டேட் ஸ்கூலில் சேரலாம். சைல்ட் ஸ்டூடண்ட் விசாவில் வரும் பிள்ளைக்கு அது கிடையாது.

வகுப்பைத் தீர்மானிப்பது ஆகஸ்ட் 31 அன்றைய வயது. அன்று பத்து முடிந்திருந்தால் இயர் 6. அடுத்த செப்டம்பரில் செகண்டரி பள்ளிக்குப் (இயர் 7) போக, முந்தைய அக்டோபர் 31-க்குள் கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும். முடிவு மார்ச் 1. பிந்தி வந்தால் மற்றவர்களுக்கு ஒதுக்கியபின் மிஞ்சிய இடம்தான். ரெடிங்கில் கிராமர் உண்டு, ஆனால் நுழைவுத்தேர்வு வேறு எழுத வேண்டும்.

நடுவில் சேர்ப்பதற்கு ‘இன்-இயர்’ விண்ணப்பம். சில ஊரில் கவுன்சில் வாங்கும், சில ஊரில் பள்ளியே வாங்கும். 15 பள்ளி நாளுக்குள் பதில் வந்தாக வேண்டும். வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: பள்ளியைப் பார்த்து வீடு பிடித்துவிட்டு, இடம் காலியா என்று கேட்காமல் விட்டுவிடுவார்கள். சர்ச் பள்ளி என்றால் கூடுதல் படிவமும் உண்டு. அதை விட்டால் வரிசையில் பின்னுக்குப் போவீர்கள்.

வெண்பா:
விண்ணப்பத்தில் கேட்கும் விருப்பப் பட்டியலில் ஒரே பள்ளியை எழுதி நிறுத்தாதீர்கள். எத்தனையாவதாக எழுதினீர்கள் என்பதை வைத்துப் பள்ளி முடிவெடுக்கக் கூடாது. ஆகவே நிஜமான விருப்ப வரிசையிலேயே எழுதி, கடைசியில் வீட்டருகே கிடைக்கக்கூடிய ஒன்றையும் போடுங்கள்.

கிளாஸ்கோவாசி:
இதெல்லாம் இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் பப்ளிக் ஸ்கூல் என்றால் அரசுப் பள்ளிதான். பழைய கட்டடங்களில் கல்லிலேயே செதுக்கியிருக்கும். இங்கே வீட்டு முகவரிக்குரிய பள்ளியே கிடைக்கும். வேறு வேண்டுமென்றால் ‘ப்ளேசிங் ரெக்வெஸ்ட்’ போடணும்.